பார்லி வயலில் தெரியும் கோடுகள்: பழைய வயல் எல்லையா, வேறு ஏதாவதா?

வரப்போரம்:

வணக்கம். மூன்று வாரமாக ஒரே படத்தைப் பார்த்துப் பார்த்து இப்போது கண்ணை மூடினாலும் கோடுதான் தெரிகிறது. அதனால் இங்கே கேட்கிறேன்.

இடம் கிழக்கு இங்கிலாந்து, ஆற்றோரச் சரளை நிலம். படம் 2018 ஜூலையில் விமானத்திலிருந்து சாய்வாக எடுத்தது. பயிர் பார்லி என்று நினைக்கிறேன். வயல் முழுக்க வெளிறிய பொன்னிறம், அதில் பச்சைக் கோடுகள். பேசுவதற்கு வசதியாக நானே பெயர் வைத்துக்கொண்டேன்:

அ – ஏறக்குறைய இணையாக ஓடும் இரண்டு மெல்லிய கோடுகள். தென்கோட்டில் ஓரிடத்தில் சின்ன இடைவெளி.
ஆ – அம்பு விட்டது போல நேர்க்கோடு. பக்கத்து வயல்களிலும் தொடர்கிறது.
இ – தென்கிழக்கு மூலையில் வலை மாதிரி ஒரு பின்னல்.
ஈ – எல்லாவற்றிலும் தடித்த கோடு. நேராக வந்து, ஒரு சிறு வட்டத்தின் அருகே வளைந்து, மறுபடி நேராகப் போகிறது.

என் ஊகம்: ஈ தான் மிகப் பழையது. வட்டம் வெண்கலக் காலப் புதைமேட்டைச் சுற்றிய பள்ளமாக இருக்கும். எல்லை போட்டவர்கள் அதை மதித்து வளைத்துப் போயிருக்கிறார்கள். அப்படியென்றால் எல்லையும் அந்தக் காலத்ததுதானே?

சால்_ஓட்டி:

நல்ல படம். சரளை நிலம், பார்லி, 2018-ன் வறண்ட கோடை, மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம். ஆனால் கடைசி வரியில் 'அப்படியென்றால்' என்று ஒரு தாவு தாவினீர்கள் பாருங்கள், அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

வட்டத்தைச் சுற்றி வளைந்தது உண்மையானால், கோடு போட்ட நாளில் அங்கே ஒரு மேடு கண்ணுக்குத் தெரிந்தது என்று மட்டும்தான் பொருள். புதைமேடுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிற்கும். ரோமானியர் காலத்து உழவனும் அதைச் சுற்றித்தான் ஓட்டியிருப்பான், போன நூற்றாண்டு உழவனும் சுற்றித்தான் ஓட்டியிருப்பான். 'மேட்டுக்கு முந்தியது அல்ல' என்று சொல்லலாம், அதற்கு மேல் படம் ஒன்றும் சொல்லாது.

சந்தேகம்_மட்டும்:

தடித்த கோடு பழைய கோடு என்பதும் சரியில்லை. என் அனுபவத்தில் பெரும்பாலும் நேர்மாறு. அண்மையில் மூடிய பள்ளத்தில்தான் மண் இன்னும் தளர்வாக, சத்தோடு இருக்கும். பயிர் கொழுத்து நிற்கும். இரண்டாயிரம் ஆண்டு உழவில் மேற்பகுதி தேய்ந்து அடி மட்டும் மிஞ்சிய பள்ளம் மெலிந்துதான் தெரியும். விதிவிலக்கு உண்டு. ஆனால் தடிப்பை வைத்து வயது சொல்ல முடியாது.

இன்னொன்று. படத்தில் 'கூர்மை' கூட்டியிருக்கிறீர்களா?

வரப்போரம்:

கொஞ்சம். மாறுபாட்டையும் கூட்டினேன். தப்பா?

சந்தேகம்_மட்டும்:

தப்பில்லை, ஆனால் மூலப்படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒருமுறை நான் ஒரு வயல் முழுக்க ஒரே அளவுச் சதுரக் கட்டங்களைக் 'கண்டுபிடித்து' இரவு இரண்டு மணி வரை வரைந்து தள்ளினேன். காலையில் எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு கட்டமும் சரியாக 8 புள்ளிக்கு 8 புள்ளி. ஜேபெக் சுருக்கம் படத்தை வெட்டும் கட்டம் அது. எந்தக் காலத்து உழவனும் அவ்வளவு துல்லியமாக நிலம் பிரித்ததில்லை.

கதிர்_முற்றியது:

வேளாண்மைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இந்தப் பச்சை ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சரளைக்கு மேல் மண் ஒரு முழத்துக்கும் குறைவு. மழை நின்றதும் அந்த மண்ணிலுள்ள ஈரத்தைப் பயிர் சில வாரங்களில் உறிஞ்சி முடித்துவிடும். அதற்குக் கீழே கூழாங்கல், தண்ணீர் நிற்காது. பயிர் அவசரமாகக் கதிர் தள்ளி, வெளிறி, காய்ந்துவிடும். ஆனால் எப்போதோ தோண்டிப் பிறகு தூர்ந்துபோன பள்ளத்தில் நிரம்பியிருப்பது வண்டலும் மக்கும் கலந்த மண். பார்லியின் வேர் ஒரு மீட்டருக்கு மேலும் இறங்கும். பள்ளத்துக்கு மேல் முளைத்த பயிருக்கு மட்டும் இன்னும் குடிக்கத் தண்ணீர் இருக்கிறது. அது உயரமாக, அடர்த்தியாக, பச்சையாக நின்று, பிந்தி முற்றும்.

புதைந்த சுவர், கல் பாவிய பாதை என்றால் கதை தலைகீழ்: பயிர் மெலிந்து முதலில் வெளிறும். ஆனால் வசந்தத்தில் மழை அதிகமாகி நீர் தேங்கினால், பள்ளத்துப் பயிரே வேர் மூச்சுத் திணறி மஞ்சளடிக்கும். அதனால் நிறத்தை வைத்து மட்டும் பள்ளம், சுவர் என்று முடிவு கட்டாதீர்கள். எந்த மாதம், அதற்கு முன் எவ்வளவு மழை என்று பாருங்கள்.

ஒரு சின்னப் பொறி: வெயில் சாய்ந்திருக்கும்போது உயரமான பயிரின் நிழல் ஒரு பக்கம் விழும். ஒற்றைப் பள்ளம் இரட்டைக் கோடாகத் தெரியும்.

கோணமானி:

ஆ பற்றி யாரும் பேசவில்லையே. பக்கத்து வயல்களிலும் வேலி, சாலை எதையும் மதிக்காமல் நேராகப் போகிறதா? அப்படியானால் அது குழாய்ப் பாதை. எரிவாயுக் குழாயோ நீர்க் குழாயோ. வயல் எல்லை என்றால் எங்காவது இன்னொரு எல்லையில் முட்டி நிற்கும், திரும்பும், கிளை விடும். குழாய்க்கு அந்தக் கவலை இல்லை.

இ-யையும் கழித்துவிடலாம் என்று தோன்றுகிறது. கண்ணிகளுக்கு எத்தனை மூலை என்று எண்ணுங்கள்.

வரப்போரம்:

ஐந்து, ஆறு. ஒன்றுக்கு ஏழு. கோட்டின் தடிப்பும் ஒரே சீராக இல்லை. ஆ பற்றி நீங்கள் சொன்னது சரிதான் அண்ணா, சாலையைத் தாண்டி அந்தப் பக்கமும் போகிறது. வெட்கமாக இருக்கிறது.

சால்_ஓட்டி:

வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லாரும் குழாயில் தொடங்கியவர்கள்தான்.

இ பனிக்கால வெடிப்பு. கடைசிப் பனியூழியில் உறைந்த தரை சுருங்கிப் பலகோணமாக வெடித்தது. வெடிப்பில் பின்னால் நுண்மண் நிரம்பியது. பயிருக்கு அது மனிதன் வெட்டிய பள்ளமா இயற்கை வெடிப்பா என்று தெரியாது, தண்ணீர் இருந்தால் போதும். மனிதன் வெட்டியது ஓரளவு ஒரே அகலத்தில் ஓடும், மூலையில் திரும்பும்போது தீர்மானமாகத் திரும்பும். வெடிப்பு ஓரிடத்தில் பருத்து, ஓரிடத்தில் நூலாகி, காரணமில்லாமல் கிளை பிரியும்.

டிராக்டர் தடத்தையும் இப்போதே விலக்கிவிடுங்கள். மருந்து தெளிக்கும் கருவியின் அகலத்துக்கேற்ப 12, 24, 36 மீட்டர் என்று ஒரே இடைவெளியில் இரட்டைச் சக்கரத் தடங்கள் இன்றைய வயலின் விளிம்புக்கு இணையாக ஓடும். அதைச் 'சமகால இணை எல்லை' என்று எழுதிய கட்டுரை வரைவு ஒன்றைப் படித்திருக்கிறேன். யாருடையது என்று சொல்ல மாட்டேன்.

பழைய_சுவடி:

இடையில் ஒரு பழங்கதை. இதெல்லாம் விமானம் வந்த பிறகுதான் தெரிந்தது என்று நினைக்காதீர்கள். கென்ட் பகுதியிலுள்ள ரிச்பரோவில், ரோமானிய ஊரின் தெருக்கள் இருந்த இடத்தில் பயிர் மெலிந்து, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு தெரிவதை, நானூறு ஆண்டுக்கு முன்பே வில்லியம் காம்டன் என்ற பழம்பொருள் ஆய்வாளர் தன் பிரிட்டானியா நூலில் எழுதிவிட்டார். 1719-ல் ஸ்டக்லி என்ற இன்னொரு ஆய்வாளர் கிரேட் செஸ்டர்ஃபோர்டில் பயிருக்குள் கோயில் ஒன்றின் தரைப்படத்தைப் பார்த்தார். தரையில் நின்றே!

விமானம் தந்தது உயரம். 1920-ல் பிரிட்டனின் அளவைத் துறையில் தொல்லியல் அலுவலராகச் சேர்ந்த கிராஃபோர்டுக்கு, விமானப் படையினர் எடுத்த ஹாம்ப்ஷர் படங்கள் 1922-ல் கண்ணில் பட்டன. சின்னச் சின்னச் சதுரமான வயல்கள் குன்றுச்சரிவு முழுக்கத் தெரிந்தன. 'கெல்டிக் வயல்கள்' என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது.

சந்தேகம்_மட்டும்:

ஒரு திருத்தம். கிராஃபோர்டு பார்த்தவை பெரும்பாலும் பயிர்த்தடம் அல்ல, அதாவது பயிரின் வளர்ச்சி வேறுபாட்டில் தெரியும் கோடு அல்ல. சரிவில் உழுத மண் மெல்ல இறங்கி எல்லையில் குவிந்து படிக்கட்டாக நின்ற கரைகள், அவற்றின் நிழல், பிறகு உழுத நிலத்தில் தெரிந்த மண்ணின் நிற வேறுபாடு. அங்கே சுண்ணாம்புப் பாறை நிலம். நம் நண்பரின் சரளை வயலில் கரை எல்லாம் உழவில் தட்டையாகிவிட்டது. விமானத்திலிருந்து லேசரால் தரையின் உயரத்தை அளக்கும் லைடார் போட்டாலும் ஒன்றும் வராது. மேலே மிஞ்சியதைக் காட்டுவது லைடார், கீழே மிஞ்சியதைக் காட்டுவது பயிர். ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை.

பழைய_சுவடி:

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டோன்ஹெஞ்ச் அருகே இருக்கும் உட்ஹெஞ்ச் பயிர்த்தடம்தான், அதில் சண்டை வேண்டாம். 1925 டிசம்பரில் இன்சால் என்ற விமானி மேலிருந்து பார்த்தபோது ஒரு வட்டமும் நடுவில் சில வெள்ளைப் புள்ளிகளும். அடுத்த ஆண்டு ஜூலையில் அதே இடத்தில் கோதுமை நின்றபோது, மரத்தூண் நட்ட குழிகள் வரிசை வரிசையாக வளையமிட்டுத் தெரிந்தன. அதனால்தான் ஒரே ஆண்டுப் படத்தோடு நிற்கக்கூடாது என்கிறேன்.

வரப்போரம்:

செயற்கைக்கோள் படங்களில் வேறு ஆண்டுகளையும் பார்த்தேன். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2-ல் ஒன்றும் தெரியவில்லை.

கோணமானி:

தெரியாது. அதன் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். உங்கள் பள்ளம் ஒன்றரை மீட்டர் இருந்தால் பெரிய விஷயம். வயலில் எந்த வாரம் வறட்சி தொடங்கியது என்று பார்க்க உதவும், அவ்வளவுதான்.

இப்போது வேலைக்கு வருவோம். சாய்வுப் படத்தை வைத்துக்கொண்டு 'இணைகோடு' என்று சொல்லவே கூடாது. தூரத்தில் இருப்பது சுருங்கும். முதலில் நேராக்குங்கள். படத்திலும் வரைபடத்திலும் தெளிவாகத் தெரியும் நான்கு புள்ளிகளாவது வேண்டும்: வேலி மூலை, கட்டட மூலை, சாலைச் சந்திப்பு. புள்ளிகள் கோடுகளைச் சுற்றி நாலா பக்கமும் இருக்கட்டும். எல்லாம் ஒரே ஓரத்தில் இருந்தால் மறு ஓரம் ரப்பர் மாதிரி இழுபடும். மர உச்சியை எடுக்காதீர்கள், அது தரையில் இல்லை. நிலம் தட்டை என்றால் இது போதும். மேடு பள்ளம் இருந்தால் தரை உயர மாதிரியும் சேர்க்கவேண்டும். இரண்டு மீட்டருக்குள் பிழை வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

பழைய_சுவடி:

நேராக்கியதும் பழைய வரைபடங்களை மேலே போடுங்கள். தேவாலயத்துக்குரிய தசமபாகத்தைப் பணமாக மாற்றிய 1836 சட்டத்துக்குப் பிறகு வந்த தசமபாக வரி வரைபடம், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி அளவைத் துறையின் 25 அங்குல வரைபடம் (ஒரு மைலுக்கு ஏறத்தாழ 25 அங்குலம் என்ற அளவு), இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு விமானப் படை மேலிருந்து செங்குத்தாக எடுத்த படங்கள். இந்த மூன்றையும் பார்க்காமல் எந்தக் கோட்டையும் 'பழைய' என்று அழைக்கக்கூடாது என்பது என் பிடிவாதம்.

(நான்கு நாள் கழித்து)

வரப்போரம்:

செய்துவிட்டேன். முதலில் கெட்ட செய்தி: ஈ ஒரு உயிர்வேலி. 25 அங்குல வரைபடத்தில் அதே இடத்தில், அதே வளைவோடு இருக்கிறது. 1940-களின் படத்தில் செடிகளின் நிழல்கூடத் தெரிகிறது. அதற்குப் பிறகு யாரோ பிடுங்கி, ஓரத்துப் பள்ளத்தையும் மூடி, இரண்டு வயலை ஒன்றாக்கியிருக்கிறார்கள். மூன்று வாரம் வெண்கலக் காலம் என்று நம்பியது என் தாத்தா வயசு.

சந்தேகம்_மட்டும்:

:) வேலி பிடுங்கியதுதான் அண்மைக் காலம். வேலி எப்போது போட்டது என்று வரைபடம் சொல்லவில்லையே. வரைபடத்தில் இருப்பதால் அது 19-ஆம் நூற்றாண்டுதான் என்று இப்போது எதிர்ப்பக்கம் தாவாதீர்கள். சில வேலிகள் இடைக்கால எல்லை மேலேயே நிற்கும்.

சால்_ஓட்டி:

வளைவுக்கும் இப்போது அழகான காரணம் கிடைத்துவிட்டது. வேலி போட்ட நாளில் அந்த மேடு இருந்திருக்கிறது, வரைபடம் வரைந்தவர் அதைக் குறிக்கும் அளவுக்கு உயரமாக இல்லை போல. மேடு போய், வேலி போய், வளைவு மட்டும் பார்லியில் நிற்கிறது.

அ என்ன ஆயிற்று?

வரப்போரம்:

அ எந்த வரைபடத்திலும் இல்லை. நேராக்கிய பிறகு இரண்டு கோடுகளுக்கும் இடையே 58 முதல் 61 மீட்டர். ஏறக்குறைய 300 மீட்டர் நீளம். தென்கோட்டில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளி 3 மீட்டர். தென்கோடு கிழக்கே போய் வட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் மங்கிவிடுகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். வயல் முழுக்க மிக மெல்லிய பட்டைகள், ஏழெட்டு மீட்டருக்கு ஒன்று, லேசாக வளைந்த S எழுத்து மாதிரி. அ அவற்றைச் சாய்வாக வெட்டிப் போகிறது.

சால்_ஓட்டி:

இதைத்தான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்! அந்தப் பட்டைகள் இடைக்கால உழவு. எருது பூட்டிய நீண்ட ஏர், வயல் முனைக்கு வரும் முன்பே திரும்பத் தொடங்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அப்படி ஓட்டியதில் மேடும் சாலுமாக நிலம் வளைந்துவிட்டது. சால்களின் அடி மட்டும் கீழ்மண்ணில் பதிந்து மிஞ்சியிருக்கிறது. நேராக, நெருக்கமாக இருந்திருந்தால் நீராவி ஏர்க் காலம் என்று சொல்லியிருப்பேன்.

அ-வின் போக்கு அந்த உழவுக்கும் பொருந்தவில்லை, இன்றைய வேலிகளுக்கும் பொருந்தவில்லை. இடைக்கால உழவன் தன் பட்டைகளை ஒரு எல்லையைச் சாய்வாகத் தாண்டி ஓட்டினான் என்றால், அவன் காலத்தில் அது எல்லையாகவே இல்லை. பெரும்பாலும் அதற்கு முன்பே தூர்ந்து மறந்துபோனது. உங்கள் படத்திலேயே இருக்கும் சான்றுகளில் கனமானது இதுதான்.

சந்தேகம்_மட்டும்:

'பெரும்பாலும்' என்ற சொல்லை நான் வாழ்த்துகிறேன். எது எதை வெட்டுகிறது என்று பயிர் காட்டாது. இரண்டும் ஒரே பச்சைதான். போக்கு வேறு என்பதை மட்டும்தான் பார்க்கிறோம்.

பழைய_சுவடி:

60 மீட்டர் இடைவெளி, நீண்ட இணைகோடுகள் என்றதும் விமானத் தொல்லியலாளர் டெரிக் ரைலி 1980-ல் எழுதியது நினைவுக்கு வருகிறது. தென் யார்க்‌ஷரிலும் வட நாட்டிங்கம்ஷரிலும் மணற்பாறை நிலத்தில், நீண்ட இணைகோடுகளும் இடையிடையே குறுக்குக் கோடுகளுமாகச் செங்கல் சுவர் போல ஒரு வயல் அமைப்பை அவர் மேலிருந்து படம்பிடித்துக் காட்டினார். அகழ்ந்த இடங்களில் பலவும் ரோமானியர் காலத்தைச் சேர்ந்தவையாக வந்தன. உங்களுக்குக் குறுக்குக் கோடு ஏதாவது தெரிகிறதா? 50 மீட்டருக்கு ஒன்று வந்தால் ஒரு வயல் 0.3 ஹெக்டேர், எளிய ஏருக்குப் பொருத்தமான அளவு.

கதிர்_முற்றியது:

ரோமானியர் என்றால், அவர்கள் நிலத்தைப் பிரித்த அந்தப் பிரசித்தமான பெரிய சதுரக் கட்டமாக இருக்கக்கூடாதா?

பழைய_சுவடி:

அந்தக் கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 710 மீட்டர், ஒரு சதுரம் 50 ஹெக்டேர். வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியிலும் துனீசியாவிலும் இன்றைய சாலைகளே அதன் மேல் ஓடுகின்றன. தென் இத்தாலியின் அபூலியாவில், போர்க்கால விமானப் படங்களிலிருந்து ஜான் பிராட்ஃபோர்டு அதையும், அதைவிடப் பல ஆயிரம் ஆண்டு பழைய புதிய கற்கால ஊர்ப் பள்ளங்களையும் படித்தெடுத்தார். பிரிட்டனில் அப்படி உறுதியாக நிறுவப்பட்ட கட்டம் இல்லை. 300 மீட்டர் கோட்டை வைத்து 710 மீட்டர் கட்டம் தேட வேண்டாம், தேடினால் கிடைத்துவிடும், அதுதான் பயம்.

வரப்போரம்:

குறுக்குக் கோடு ஒன்று இருக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் இப்போது எனக்கே என் கண்மேல் சந்தேகம். தரையில் போய்ப் பார்த்தால் தெரியுமா?

சால்_ஓட்டி:

பார்ப்பதால் தெரியாது. ஒரு ஜூலையில் உரிமையாளர் அனுமதியோடு இப்படி ஒரு வயலுக்குள் போனேன். மேலிருந்து மை போட்டது போலத் தெரிந்த கோடு, உள்ளே நின்றால் எங்கே என்றே தெரியவில்லை. கையில் இடம் காட்டும் ஜிபிஎஸ் கருவி இருந்தும் இரண்டு முறை தாண்டிப் போய்விட்டேன். கடைசியில் கைதான் கண்டுபிடித்தது. நடந்துகொண்டே கதிர்களைத் தடவிப்போனேன். தொடையளவு இருந்த கதிர் திடீரென்று இடுப்புக்கு வந்தது, மூன்று எட்டில் மறுபடி இறங்கியது. குனிந்து அடித்தாளைப் பிரித்தால் அங்கே இன்னும் பச்சை, பக்கத்தில் வைக்கோல்.

மண் துளைப்பானை இறக்கினோம். கோட்டுக்கு வெளியே 35 சென்டிமீட்டரில் கறக் என்று கல்லில் உரசி நின்றுவிட்டது. கோட்டின் மேல் சத்தமே இல்லாமல் 1.1 மீட்டர் போனது. கடைசியாக வந்த மண் கறுத்து, விரலில் பிசுக்கென்று ஒட்டியது. பள்ளம் என்று நிச்சயமானது. வயது? அப்போதும் தெரியாது. ஓடோ எலும்போ கரியோ கிடைத்தால்தான் பேச முடியும், அதற்கு முறையான அகழாய்வு வேண்டும். பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் துளைப்பதற்கே அரசு அனுமதி வேண்டும், ஆர்வத்தில் இறங்கிவிடாதீர்கள்.

கோணமானி:

குறுக்குக் கோட்டை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். வரையுங்கள், ஆனால் புள்ளிக்கோடாக. நிச்சயமானது முழுக்கோடு, சந்தேகமானது புள்ளிக்கோடு, எந்தப் படத்திலிருந்து எடுத்தது என்று ஒவ்வொரு கோட்டுக்கும் குறிப்பு. கோடு மங்கும் இடத்தில் உங்கள் பேனாவும் நிற்கட்டும். அங்கே பள்ளம் முடிந்ததா, மண் ஆழமாகி வறட்சி எட்டவில்லையா என்று யாருக்கும் தெரியாது.

வரப்போரம்:

வரைந்து முடித்தேன். அ இரண்டும் முழுக்கோடு, குறுக்குக் கோடு புள்ளி, ஈ 'நீக்கப்பட்ட வேலி', ஆ 'குழாய்', இ 'இயற்கை'. அந்த வட்டாரத்தின் வரலாற்றுச் சூழல் பதிவேட்டில் தேடினேன்: வட்டம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது, அ இல்லை. வரைபடத்தை அவர்களுக்கு அனுப்பிவிட்டேன். காலக்குறிப்பில் 'இடைக்காலத்துக்கு முந்தியதாக இருக்கலாம்' என்று மட்டும் எழுதினேன்.

போன வாரம் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. பொதுப் பாதை வயலின் ஓரமாகத்தான் போகிறது. குறுக்குக் கோடு தெரிகிறதா என்று வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தேன். இந்த ஆண்டு உருளைக்கிழங்கு. போதாக்குறைக்குத் தெளிப்பு நீர் வேறு சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது.

கதிர்_முற்றியது:

உருளைக்குப் பிறகு பெரும்பாலும் தானியம்தான் போடுவார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் மழைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருங்கள்.